ஆடவர் கண்ணும் மகளிர் கண்ணும்

அழகைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. எழில், வனப்பு, கவின், அணி, நலம், ஏர், மாமை, முருகு என்று நிகண்டுகள் அடுக்கிக்கொண்டே செல்லும். இவற்றுள் இரண்டு சொற்கள் என் சிந்தனையை நெடுங்காலமாகக் கவர்ந்துள்ளன. ஒன்று முருகு, மற்றொன்று மாமை. முருகு என்பது இளமையையும் மணத்தையும் அழகையும் ஒருங்கே குறிக்கும். அப்பண்புகள் திரண்ட வடிவமாகத் தமிழர் கண்டது ஓர் ஆண்மகனை, அவனே முருகன். மாமையோ மகளிர் மேனிக்கு உரிய நிறத்தைச் சுட்டுவது. மாந்தளிரின் நிறம் என்று உரையாசிரியர்கள் அதற்கு விளக்கம் தருவர்.

பத்துமலை அடிவாரத்தில் 2006-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திறக்கப்பட்ட முருகன் சிலையை அறியாதார் இந்நாட்டில் இலர். 42.7 மீட்டர் உயரம், பொன்வண்ணப் பூச்சு. நிறுவப்பட்ட நாளில் உலகிலேயே உயரமான முருகன் சிலை அதுவாகவே இருந்தது. 2022-இல் சேலம் மாவட்டத்து முத்துமலையில் அதனினும் சற்று உயர்ந்ததொன்று எழுந்துவிட்டது. அது கிடக்க. கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் எழுப்பியவற்றுள் மிகப் பெரிய அழகு வடிவம் ஓர் ஆணின் உடலே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் அச்சிலையைக் கண்டு திரும்பும் குடும்பங்களில் அழகைப் பற்றிய பேச்சு எழுந்தால் அது பெண்களைப் பற்றியதாகவே இருக்கும். அதிலும் பெரும்பகுதி நிறத்தைப் பற்றியதாக இருக்கும். இந்த முரண் எங்கிருந்து வந்தது? பெண்ணிடம் ஆண் எதைத் தேடினான்? ஆணிடம் பெண் எதைத் தேடினாள்? இவற்றுக்கு விடை காண நம் பழைய நூல்களையும் இந்நாட்டில் நம் முன்னோர் வாழ்ந்த வாழ்வையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

இவ்வினாவை என்னுள் எழுப்பியவள் ஒரு மாணவி. நான் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து கிள்ளான் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியொன்றில் பணியாற்றிய காலம் அது. பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்குச் சிலப்பதிகார வழக்குரை காதையை நாடகமாக்கினோம். கண்ணகி வேடத்துக்கு நான் தேர்ந்தெடுத்த பெண்ணுக்கு வசனம் மனத்தில் நிற்கவில்லை, குரலும் எழவில்லை. தெளிவாகவும் உரக்கவும் பேச வல்ல மற்றொரு பெண்ணை வாயிற்காவலன் வேடத்தில் நிறுத்தியிருந்தேன். காரணத்தை நான் எவரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஒத்திகை முடிந்த ஒருநாள் அவள் என்னிடம் வந்து, “சார், கண்ணகி சிவப்பா இருந்தாங்கன்னு புத்தகத்துல போட்டிருக்குங்களா?” என்று கேட்டாள். குற்றஞ்சாட்டும் குரல் அன்று. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்ட கேள்வி. அன்றிரவு நூலைப் புரட்டினேன். பொன்னும் முத்தும் கரும்பும் தேனும் உவமைகளாக வந்தன. அவள் மேனியின் நிறம் இன்னதென்று நேரே கூறும் இடத்தை நான் காணவில்லை. ஆயினும் நாடகத்தில் வேடத்தை மாற்றும் துணிவு எனக்கு வரவில்லை. விழாவுக்கு இரண்டே நாள்கள் இருந்தன என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அவள் கேட்ட கேள்வியின் பின்னே சென்றபோதுதான் மாமை என்னும் சொல் என் கண்ணில் நின்றது. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு கெடுவதைச் சொல்லும் சொல் பசலை. பிரிவுத் துயரால் மேனி வெளிறிப் பீர்க்கம்பூவின் நிறம் கொள்வதே பசலை. வெள்ளிவீதியார் என்னும் பெண்பாற் புலவர், தம் மாமையின் அழகைத் தாமும் துய்க்காமல், தலைவனுக்கும் பயன்படாமல், பசலை உண்ண விரும்புவதாகக் குறுந்தொகையில் வருந்துகிறார். இதன் பொருள் என்ன? கருமை கலந்த தளிர் நிறம் அழகு. வெளிறிய நிறம் நோய். இன்று நம் பெண்கள் விலை கொடுத்து வாங்க முயலும் நிறமாற்றத்தை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெண் இழப்பாகக் கருதி அழுதாள். மாயோள் என்று கரிய மேனியாளை அன்புடன் விளித்ததும் அவ்விலக்கியமே. தோலில் படரும் சுணங்கைக்கூட அவர்கள் அழகு என்றனர்.

ஆடவரிடம் கண்ட அழகு எது? தலைவனின் கண்ணையோ நிறத்தையோ பற்றிய பேச்சு குறைவு. மார்பும் தோளும் பற்றிய பேச்சே மிகுதி. தலைவிக்கு நுதல், கண், பல், கூந்தல், தோள், இடை என்று உறுப்புதோறும் உவமை உண்டு. தலைவனுக்கோ பெரும்பாலும் ஒரு மார்பும், அதற்குப் பின்னே ஒரு நாடும் உண்டு. மலைநாடன், துறைவன், ஊரன் என்று அவன் நிலத்தால் பெயர் பெறுகிறான். பெண்ணை உடலாலும் ஆணை உடைமையாலும் அளக்கும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

தொல்காப்பியர் இதனை இன்னும் நுட்பமாக நோக்குகிறார். தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்க வேண்டிய பத்து ஒப்புமைகளை மெய்ப்பாட்டியலில் வகுக்கும்போது உருவையும் ஆண்டையும் அவற்றுள் வைக்கிறார். அன்பையும் அருளையும் அறிவையும் அருகில் நிறுத்துகிறார். இருவர்க்கும் அளவுகோல் ஒன்றே. ஆனால் களவியலுக்கு வந்தால் பெருமையும் உரனும் ஆடவர்க்கு, அச்சமும் நாணும் மடனும் மகளிர்க்கு என்று பிரித்துவிடுகிறார். தலைவன் தலைவியினும் மிக்கவனாக இருப்பினும் குற்றமில்லை என்று ஒரு வாயிலையும் திறந்து வைக்கிறார். தலைவி மிக்கவளாக இருக்கலாமா என்பதற்கு அங்கே இடமில்லை. ‘மாப்பிள்ளை பெண்ணைவிட ஒருபடி படித்திருக்க வேண்டும், ஒருபிடி உயர்ந்திருக்க வேண்டும்’ என்று இன்றும் பேசும் பெற்றோர் அந்த வாயில் வழியாகவே நடக்கின்றனர்.

இங்கு ஓர் ஐயம் எழும். மகளிர் ஆடவரைக் கண்ட விதத்தைச் சொல்பவரும் பெரும்பாலும் ஆடவரே அல்லரோ? உண்மைதான். உலா என்னும் சிற்றிலக்கியத்தை எடுத்துக்கொள்வோம். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞான உலா தொடங்கி, 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் மூன்று சோழர் மீது பாடிய மூவருலா வரை, பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் வீதியில் நின்று தலைவனைக் கண்டு மயங்குவர். நூல் முழுதும் பெண்கள் பார்க்கிறார்கள். ஆயினும் அவர்கள் பார்ப்பதைப் பார்த்துக் களிப்பவர் ஆண்கள். கம்பரின் மிதிலை மகளிரும் அவ்வாறே. இராமனின் ஓர் உறுப்பில் பதிந்த கண்ணை மற்றொன்றுக்குப் பெயர்க்க இயலாமல் அவர்கள் நின்றதைப் பாடியவர் கம்பரே அன்றி அம்மகளிருள் ஒருத்தி அல்லள்.

ஆகவே பெண்ணின் கண்ணை அறியப் பெண்ணின் பாட்டையே நாட வேண்டும். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடிய மூன்று பாடல்கள் புறநானூற்றில் 83 முதல் 85 வரை அமைந்துள்ளன. தந்தையோடு மாறுபட்டு நாடிழந்து நின்ற போர்வைக்கோப் பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருத காலத்தில் அவனை விரும்பிய பெண் அவர். அவர் கண்ணில் பட்டவை எவை? காலில் கழல், முகத்தில் கருந்தாடி, தோள். இவற்றினும் எனக்கு வியப்பளிப்பது, அவன் கூழ் குடித்து வாழ்பவன் என்பதை அவர் மறைக்கவில்லை. கூழுண்டும் பெருந்தோளன் என்பதே அவருடைய பெருமிதம். அந்த நேரத்தில் அவனுக்கு நாடுமில்லை, செல்வமுமில்லை. பனைமரத்தின் அடியில் சாய்ந்து நின்று அவன் வெற்றியைத் தம் கண்ணால் கண்டதாகப் பாடுகிறார். உடைமையை நீக்கி உடலையும் ஊக்கத்தையும் கண்ட கண் அது. உலாவில் மயங்கும் எழுபருவ மகளிர் கூட்டத்தில் நக்கண்ணையாரைச் சேர்க்க முடியாது.

கூழுண்ட பெருந்தோளர் பல்லாயிரவரை நம் நாட்டு வரலாறும் கண்டது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் உடலுறுதி சோதிக்கப்பட்டு, கப்பலேறிப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் வந்திறங்கியவர்கள் அவர்கள். இன்றைய கிள்ளான் துறைமுகமே அந்தப் போர்ட் சுவெட்டன்ஹாம். அவர்களுடைய தோளை மதிப்பிட்டவர் காதலியர் அல்லர். கங்காணியும் மருத்துவரும் துரையும். 1928-இல் வரையறுக்கப்பட்ட தினக்கூலி, போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உடலுக்கு விலை அவ்வாறு எழுதப்பட்டது.

அக்காலத்து மக்கள் தொகைக் கணக்கை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். 1921-இல் மலாயா இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்குச் சுமார் நானூறு பெண்களே இருந்தனர். 1931-இல் சுமார் நானூற்று எண்பது. பெண் அரியவளாக இருந்த அந்நாளில் அவளுடைய நிறத்தை ஆராய்ந்து ஒதுக்கும் வசதி லயத்தில் வாழ்ந்த ஆடவனுக்கு ஏது? பரிசம் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கமே பல குடிகளிடம் நிலவியது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, வாளி சுமந்து வரக்கூடிய கைகளை உடையவளே நல்ல மணமகள். அவளும் கணக்குப் பார்த்தாள். குடிக்காதவனா, கைநீட்டாதவனா, கங்காணியிடம் கடன் இல்லாதவனா என்பவை அவள் பக்கத்துக் கேள்விகள். தோட்டத்து முதிய பெண்மணிகளிடம் நான் இளமையில் கேட்டறிந்தவரை, மாப்பிள்ளையின் முகத்தைத் திருமணத்தன்றுதான் நன்றாகப் பார்த்ததாகக் கூறியவர்களே மிகுதி. ‘கை கால் நல்லா இருந்தது’ என்பார் ஒரு பாட்டி. அதற்கு மேல் வருணனை இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸின் கதை வேறு. கோலாலம்பூரைக் கட்டுவதற்குச் செங்கல் சுட்ட சூளைகளால் பெயர் பெற்ற அப்பகுதியில் இரயில்வே எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் யாழ்ப்பாணத் தமிழர் குடியேறினர். அவர்களிடையே பரிசம் இல்லை, சீதனம் இருந்தது. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உடைய மணமகனே அழகன். கோட்டும் கழுத்துப்பட்டியும் அவன் எழிலின் அடையாளங்கள். தோளின் இடத்தை உத்தியோகம் பிடித்துக்கொண்டது. பெண் வீட்டிலே வெயில் படாமல் வளர்ந்தவள் என்பதற்கு அவள் நிறமே சான்றாகக் கொள்ளப்பட்டது. வெயிலில் நிற்பவர் கூலி, நிழலில் அமர்பவர் கிராணி, வெள்ளைத் தோலினர் துரை என்ற தோட்டத்துப் படிநிலை நாள்தோறும் கண்முன் நின்ற நாட்டில், நிறம் என்பது தோலின் செய்தியாக மட்டும் இருக்க முடியுமா? (இத்தனைக்கும் இரப்பர்த் தோட்டம் நிழல் மிகுந்த இடம். நம் பெண்களோ கொசுவுக்கும் பாற்கறைக்கும் அஞ்சி நீண்ட கைச் சட்டையும் தலைத்துணியும் அணிந்தே வேலை செய்தனர். அவர்களின் நிறத்துக்கு வெயிலைக் காரணமாக்குவது பொருந்தாது.) வெளுத்த மேனியைச் சிவப்பு என்று சொல்லும் நம் வழக்கும் நோக்கத்தக்கது. வெள்ளை என்று சொல்ல நா கூசியது போலும்.

இந்த அளவுகோல்களை உடைக்க முயன்றோரும் உண்டு. 1929 திசம்பரில் மலாயா வந்த பெரியார் ஈ.வெ.ராமசாமி, பெண்கள் நகையைக் குறைக்க வேண்டும், கூந்தலைக் கத்தரித்துக்கொள்ளலாம் என்ற கருத்துடையவர். கேட்டவர் பலர், செய்தவர் சிலர். ஆனால் 1943-இல் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த நம் பெண்களில் பலர் கூந்தலை வெட்டிக் காக்கிச் சட்டையும் காற்சட்டையும் அணிந்து துப்பாக்கி ஏந்தினர். கோலாலம்பூரில் நேதாஜியின் உரையைக் கேட்டுத் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்த ஜானகி, அப்படையில் உயர் பொறுப்பு வகித்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்தவர் அவரே. ஐம்பால் கூந்தலைப் பாடிய மரபில் பிறந்த பெண்கள் தாமே முன்வந்து கூந்தலை இழந்த அந்நிகழ்ச்சி, நம் பாடநூல்களில் வீரத்தின் செய்தியாக மட்டுமே இடம்பெறுகிறது. அழகைப் பற்றிய செய்தியாகவும் அதைப் படிக்கலாம் என்பது என் எண்ணம். போர் முடிந்ததும் கூந்தல் மீண்டும் வளர்ந்தது. பழைய அளவுகோலும் உடன் வளர்ந்தது.

அதனை வளர்த்ததில் திரைப்படத்துக்குப் பெரும் பங்குண்டு. தியாகராஜ பாகவதரின் சிகையலங்காரம் இளைஞர்களைப் பிடித்து ஆட்டியது. பாகவதர் கிராப்பு என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. ஆடவர் தம்மைப் போலி செய்யத் தூண்டிய முதல் திரையழகன் அவர் எனலாம். அடுத்து எம்.ஜி.ஆரின் தோளும் நிறமும் வந்தன. 1975-இல் திரையில் தோன்றிய ரஜினிகாந்தோடு கறுத்த நாயகனுக்கு இடம் கிடைத்தது. கறுத்த நாயகிக்கு? சரிதா போன்ற ஓரிருவரைச் சொல்லலாம். அவர்களும் பெரும்பாலும் துயரம் சுமக்கும் பாத்திரங்களிலேயே நம் நினைவில் நிற்கின்றனர். ஆணின் கருமைக்குத் திறமை ஈடு செய்யும், பெண்ணின் கருமைக்கு எதுவும் ஈடு செய்யாது என்ற பாடத்தைக் கோலாலம்பூர் கொலிசியத்திலும் தோட்டத்துத் திறந்தவெளித் திரையிலும் நாம் கட்டணம் கொடுத்துக் கற்றோம். அதே 1975-இல்தான் இந்தியாவில் ‘ஃபேர் அண்டு லவ்லி’ பசை விற்பனைக்கு வந்தது. 2005-இல் ஆடவர்க்கென்றே ‘ஃபேர் அண்டு ஹேண்ட்சம்’ வந்தது. 2009-இல் சென்னையில் தோன்றிய ‘கறுப்பே அழகு’ இயக்கமும் அதன்பின் எழுந்த கண்டனங்களும் சேர்ந்து, 2020-இல் முதற்பசையின் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்க வைத்தன. புதுப்பெயருடன் அது கடைகளில் தொடர்கிறது.

மேலைநாட்டு உளவியலார் இவ்வேறுபாட்டை எண்ணிக்கையால் அளந்துள்ளனர். டேவிட் பஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவரிடம் வினவித் திரட்டிய ஆய்வை 1989-இல் வெளியிட்டார். ஆடவர் தோற்றத்துக்கும் இளமைக்கும் மிகுந்த மதிப்பும், மகளிர் பொருளீட்டும் ஆற்றலுக்கு மிகுந்த மதிப்பும் தருவதாக அவர் கண்டார். மனித இனத்தின் படிமலர்ச்சியே காரணம் என்றார். பத்தாண்டு கழித்து ஆலிஸ் ஈக்லி, வெண்டி உட் என்னும் இரு பெண் அறிஞர்கள் அதே எண்களை மீண்டும் ஆராய்ந்து, ஆணும் பெண்ணும் நிகராக வாழும் நாடுகளில் அவ்வேறுபாடு குறைவதைக் காட்டினர். நம் வரலாறு இவ்விருவர் பக்கமே சாய்வதாக எனக்குப் படுகிறது. 1972 முதல் சுங்கைவே தடையற்ற வாணிப வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தபின், தோட்டத்துப் பெண்கள் பேருந்தேறிச் சென்று தம் பெயரில் சம்பளம் பெறலாயினர். மாப்பிள்ளையின் தோற்றத்தைப் பற்றிப் பெண்களே கருத்துச் சொல்லத் தொடங்கியதும் அந்தத் தலைமுறையில்தான். ‘ஆம்பிளைக்கு அழகு எதுக்கு’ என்று அதட்டிய பெரியவர்கள் வாயடைத்துப் போனதை நான் கண்டிருக்கிறேன்.

மற்றோர் ஆய்வும் ஆசிரியர்கள் அறியத்தக்கது. 1985-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவரிடையே ஃபாலன், ரோசின் ஆகிய இருவர் நடத்தியது அது. ஆடவர் விரும்புவதாக மகளிர் எண்ணிய உடல், ஆடவர் உண்மையில் விரும்பியதைவிட மெலிந்திருந்தது. மகளிர் விரும்புவதாக ஆடவர் எண்ணியது, மகளிர் உண்மையில் விரும்பியதைவிடப் பருத்திருந்தது. ஒருவர் கண்ணை மற்றவர் தவறாகவே படித்திருந்தனர்.

சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளானில் இடைநிலைப்பள்ளி மாணவர்க்கென நடந்த தமிழ் முகாமொன்றில் இதனைச் சோதிக்க விரும்பினேன். பெயர் எழுதாமல் ஒரு தாளில் விடை எழுதச் சொன்னேன். ஆண்பிள்ளைகளுக்குக் கேள்வி: பெண்கள் எத்தகைய ஆணை அழகன் என்பர்? பெண்பிள்ளைகளுக்குக் கேள்வி: நீங்கள் எத்தகைய ஆணை அழகன் என்பீர்கள்? பையன்களின் தாள்களில் உயரம், புஜம், தலைமுடியின் அமைப்பு, ‘கலர்’, மோட்டார் சைக்கிள் ஆகியவை வந்தன. பெண்களின் தாள்களில் நகம் வெட்டியிருக்க வேண்டும், வியர்வை நாறக்கூடாது, கத்திப் பேசக்கூடாது, சிரிக்க வைக்க வேண்டும் என்பவை வந்தன. நிறத்தை எழுதிய பெண்ணும் இல்லாமல் இல்லை. ஒரே ஒரு தாளில் ‘தோள்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தது. நக்கண்ணையார் பாடம் மறுநாள் காலைக்கென வைத்திருந்தேன். அவர்களுள் எவரும் அதுவரை அவர் பெயரைக் கேட்டதில்லை.